ஆறு பேருக்கு எக்ஸ்ட்ரா இலவசம்

விமானக் கம்பெனிகள் டிக்கெட் விலைக்கு மேல் எரிபொருள் கட்டணம் என்று தனியாக ஒன்றை ஏற்றியபோது ஊரே வயிறெரிந்தது. சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள். அவர் விமான டிக்கெட் விற்று வயிறு வளர்க்கிறவர் என்பதுதான் வேடிக்கை.

டிக்கெட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கீழே கடை, மேலே வீடு. கடையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இறக்கை ஒடிந்து கோந்து போட்டு ஒட்டிய ஒரு பொம்மை விமானம். பின்பக்கம் மாடிப்படி. அந்தப் படி வழியாக மேலே சமைக்கிற வாசனை கீழே வரும், கீழே பேசுகிற பேச்சு மேலே போகும். வாசனை வருவது அவருக்குத் தெரியும். பேச்சு போவது தெரியாது.

சந்தோஷத்துக்குக் காரணம் மாமியார் வீட்டார். மாமியார், மச்சான், மச்சான் சம்சாரம், அவர்களுடைய இரண்டு பெண்கள், கல்யாணமாகாத கொழுந்தியா. ஆக மொத்தம் ஆறு பேர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்து ஒன்பது நாள் தங்கினார்கள். மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர் முன்னாலேயே மாப்பிள்ளை போட்ட கூட்டலைத் திருத்தினார். மச்சான் விடியற்காலையில் எழுந்து ஹாலில் குதித்துக் குதித்து உடற்பயிற்சி செய்தார். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. ஆறு பேரும் குளித்து முடித்து இவர் முறை வரும்போது மதியச் சாப்பாடு தயாராகிவிடும். ஒன்பது நாளும் மனுஷன் கடை மேஜையில்தான் படுத்துக் கிடந்தார். பொம்மை விமானத்தின் இறக்கை ஒடிந்தது அப்போதுதான்.

கெட்டவர்கள் என்று அவர்களில் ஒருத்தரையும் சொல்ல முடியாது. ஆறு பேரும் தங்கம். ஆனால் மூன்று அறை வீட்டில் அவ்வளவு தங்கத்தை எங்கே வைப்பது?

ரயிலில் வரலாம் என்றால் ஒன்றரை நாள் பயணம், மாமியாரின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. விமானத்தில் இரண்டு மணி நேரம். ஆகவே அந்த எக்ஸ்ட்ரா கட்டணம் டிக்கெட்காரருக்கு வேலியாக நின்றது. வேலி உயர உயர அவருக்கு நிம்மதி.

ஒரு நாள் காலையில் எதிர்வரிசைப் பல் டாக்டர் கடைக்குள் வந்தார்.

"டிக்கெட் ரெண்டாயிரம்னு வெளியில எழுதியிருக்கீங்களே?"

"ஆமா டாக்டர், ரெண்டாயிரம்தான்."

"அப்ப ஒண்ணு போடுங்க."

"போட்டுடலாம். எரிபொருளுக்கு எண்ணூறு."

"பிளேனுக்குப் பெட்ரோல் நான் ஏன்யா போடணும்?"

"சீட்டுக்கு முந்நூறு."

"சீட் தனியா? இல்லேன்னா என்ன, கம்பியப் பிடிச்சுட்டு நிக்கணுமா?"

"உக்காரலாம் டாக்டர். எங்கயாவது ஒரு எடம் குடுப்பாங்க. எங்கேன்னு நீங்க சொல்லணும்னா முந்நூறு. பெட்டி இருக்கா?"

"ஊருக்குப் போறவன் பெட்டி இல்லாம போவானா?"

"அப்ப பெட்டிக்கு ஆயிரம்."

டாக்டர் எழுந்து நின்றார். "நான் ஒரு பல்லப் பிடுங்கறேன். பல்லுக்கு இவ்வளவு, குறடுக்கு இவ்வளவு, நாற்காலியில சாஞ்சதுக்கு இவ்வளவுன்னு கேக்கறேனா?"

"அட, அதெல்லாம் ஒரு விஷயமா டாக்டர்? ஒரு டீ செலவு."

"ரெண்டாயிரத்து நூறுக்கு நீர் டீ குடிப்பீரு. நான் பஸ்ல போறேன்."

போய்விட்டார். அந்த வாரத்தில் அப்படிப் போனவர்களில் அவர் ஏழாவது ஆள்.

அன்று மத்தியானம் மாடியில் சாப்பிட உட்கார்ந்தபோது சம்சாரம் சாதத்தைப் போட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"அம்மா போன் பண்ணாங்க. மூணு வருஷமாச்சாம், ஒரு எட்டு வந்துட்டுப் போறோம்னாங்க."

டிக்கெட்காரர் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். "வரட்டுமே. யாரு வேணாம்னா? எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா இந்த எக்ஸ்ட்ராவ நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது. எரிபொருளுக்கு ஒண்ணு, சீட்டுக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு. பகல் கொள்ளம்மா அது. வயசான காலத்துல அத்தைக்கு அந்தச் செலவ நாம வைக்கலாமா?"

"காலையில பல் டாக்டர்கிட்ட டீ செலவுன்னீங்களே?"

டிக்கெட்காரருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார், "அது வியாபாரம். இது குடும்பம்."

"டிக்கெட் காசு அவங்களே போடுறாங்களாம். எக்ஸ்ட்ராவ மட்டும் கட்ட மாட்டேங்கறாங்க அம்மா. சொன்ன வெலைக்கு மேல ஒரு காசு குடுக்கறதில்லங்கறது அவங்க கொள்கை. அத மட்டும் யாராவது ஏத்துக்கிட்டா கெளம்பிடுவாங்க."

"யாராவதுன்னா? இந்தக் காலத்துல எவன் ஏத்துக்குவான்?"

"அதானே," என்றாள் சம்சாரம். பொரியலை இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவள் சண்டை போடாமல் பொரியல் வைத்தால் ஆபத்து என்று இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

வேலி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வீட்டு வாசலில் மட்டும் நிற்கவில்லை, கடை வாசலிலும் நின்றது. விமானக் கம்பெனி இவருக்குக் கமிஷன் கொடுப்பது டிக்கெட்டின் அசல் விலைக்குத்தான். எக்ஸ்ட்ராவுக்குக் காலணா கிடையாது. அவர்கள் அசல் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், எக்ஸ்ட்ராவை ஏற்றிக்கொண்டே போனார்கள். திட்டு முழுக்க இவருக்கு, துட்டு முழுக்க அவர்களுக்கு. இரண்டு மாதம் கடையில் ஈ ஓட்டினார். பிறகு ஈயும் வருவதை நிறுத்திக்கொண்டது. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, இந்த வயதில் மச்சானிடம் போய் வேலை கேட்க வேண்டும். அந்த நினைப்பு வந்த அன்று அவர் ஒரு முடிவெடுத்தார்.

"எக்ஸ்ட்ராவ நம்ம கடையே ஏத்துக்கப் போகுது," என்று சம்சாரத்திடம் அறிவித்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் குடுத்தா நான் காவி கட்டிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். ஒரு விளம்பரம். கும்பலா வர்றவங்களுக்கு மட்டும். நாலு பேர் சேர்ந்து டிக்கெட் எடுத்தா எக்ஸ்ட்ரா நம்மளுது. பத்து நாள் போர்டு தொங்கட்டும், ஜனம் கடைக்குள்ள வரட்டும். அப்புறம் சத்தமில்லாம எடுத்துடலாம்."

சம்சாரம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "நாலு பேர்னா தெருவுல பாதிக் குடும்பம் வந்து நிக்குமே. ஆறுன்னு போடுங்க."

"ஆறா?"

"ஆறு பேர் சேர்ந்து இந்தக் காலத்துல யாரு கெளம்பறாங்க? அதோட, முதல்ல வர்ற ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும்னு சேர்த்துப் போடுங்க. செலவு ஒரு தடவையோட போயிடும்."

டிக்கெட்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷமாக இந்த மூளையை அடுப்படியில் வைத்திருந்தோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். யாருமே வரப்போவதில்லை, விளம்பரம் மட்டும் கிடைக்கும். உடனே கீழே இறங்கிப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரிடம் பெரிய போர்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் போர்டு ஏறியது. ஆறு பேர் கொண்ட முதல் குடும்பத்துக்கு எல்லா எக்ஸ்ட்ராவும் இலவசம். முதல் ஆளாகப் பல் டாக்டர் வந்து இரண்டு தடவை படித்தார்.

"நாங்க அஞ்சு பேர் இருக்கோமே."

"அடடா, ஒண்ணு கொறையுதே டாக்டர்." டிக்கெட்காரரின் குரலில் அத்தனை துக்கம்.

"எங்க கம்பவுண்டர் பன்னெண்டு வருஷமா எங்ககூடத்தான் இருக்கார். அவரும் குடும்பம் மாதிரிதான். கேட்டுட்டு வர்றேன்."

டாக்டர் வேகமாக ரோட்டைத் தாண்டினார். டிக்கெட்காரருக்கு லேசாக வியர்த்தது. இருந்தாலும் மணி ஒன்றாகிவிட்டது, பசி வேறு. தினமும் அவர் மாடியில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் சம்சாரம் கீழே வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். அன்றும் அப்படியே.

இரண்டு மணிக்கு அவர் இறங்கி வந்தபோது மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. ஆறு பெயர், ஆறு வயது. சம்சாரத்தின் கையெழுத்து.

"ஆறு பேர் வந்துட்டாங்க," என்றாள்.

டிக்கெட்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குள்ளயா? யாரு?"

"நமக்கு ரொம்ப வேண்டியவங்க. பல வருஷப் பழக்கம். போன்ல எல்லாம் சொல்லி, டிக்கெட் காசையும் அனுப்பிட்டாங்க."

"எங்கேர்ந்து எங்க?"

"எங்க ஊர்லேர்ந்து இங்க."

அந்த வழியில் தினமும் மூன்று விமானம். அவருடைய வாடிக்கையாளரில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்தான். அதனால் அதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. "உங்க ஊர் ஆளுங்கன்னா சும்மாவா? ஓசின்னா ஓடி வந்துடுவாங்களே," என்றார்.

"ஆமாங்க," என்றாள் சம்சாரம்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் கம்பவுண்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஜெராக்ஸ்காரரும் வந்தார். முதல் குடும்பம் வந்தாயிற்று என்று கேட்டதும் டாக்டர் சிரித்தார். "நம்ப மாட்டேன். இது கண்துடைப்பு. ஆறு பேரும் கிடையாது, அறுபது பேரும் கிடையாது."

டிக்கெட்காரருக்குச் சுருக்கென்றது. இந்த ஒரு பேச்சு தெருவில் பரவினால் கடைக்குப் பூட்டுதான். "உக்காருங்க டாக்டர். உங்க கண்ணு முன்னால போடுறேன்," என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

காகிதத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அப்பா பெயரும் சேர்ந்த நீள நீளமான பெயர்கள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. "பேரா இது? ரயில் பெட்டி மாதிரி போயிட்டே இருக்கு. நல்லவேளை, எழுத்துக்கு எக்ஸ்ட்ரா இன்னும் வரல," என்று ஜோக்கடித்தார். ஜெராக்ஸ்காரர் சிரித்தார். சம்சாரமும் சிரித்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆறு பெயரில் ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? போன தடவை அவர்கள் தங்கள் ஊரிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாமியார் அவருக்கு அத்தை. போனிலும் அத்தை. மச்சான் மச்சான்தான். மச்சான் சம்சாரத்தை அக்கா என்பார். கொழுந்தியாளை வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள், முப்பத்தாறு வயதிலும் குட்டிதான். பெண்கள் இருவரும் பெரிசு, சின்னது. கல்யாணப் பத்திரிகையில் சில பெயர்கள் இருந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளைகள் பத்திரிகையில் தேடுவது தங்கள் பெயரை மட்டும்தான்.

"மூத்தவங்களுக்கு வயசு எழுபத்தொண்ணு," என்று அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "பாவம், எந்த வீட்டு அம்மாவோ. முன் வரிசையில ஜன்னலோரம் போடுவோம். சக்கர நாற்காலியும் சொல்லிடுவோம். நம்ம கடையில டிக்கெட் எடுத்தவங்க ராணி மாதிரி வந்து எறங்கணும்."

"போற எடத்துல யாரு வீடோ?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"அந்த வீட்டுக்காரன் குடுத்து வெச்சவன்," என்றார் டிக்கெட்காரர்.

"ரொம்பக் குடுத்து வெச்சவர்," என்றாள் சம்சாரம்.

டாக்டர் இன்னும் முழுசாக நம்பவில்லை. "பெட்டிக்கு?" என்று கேட்டார். அங்கேதான் டிக்கெட்காரர் உச்சத்துக்குப் போனார். "ஆளுக்கு முப்பது கிலோ போடுறேன், பாருங்க."

சம்சாரம் அவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். "முப்பதெல்லாம் வேணாங்க. பதினஞ்சு போதும்னாங்க."

"நீ சும்மா இரு. உனக்கு வியாபாரம் தெரியாது."

"நான் சொல்றத சொல்லிட்டேன்," என்று சம்சாரம் ஒதுங்கிக்கொண்டாள்.

முப்பது கிலோ போட்டார். சாப்பாடும் போட்டார். மொத்தத்தைப் பார்த்தபோது டிக்கெட் ஒரு மடங்கு, எக்ஸ்ட்ரா ஒன்றரை மடங்கு. நெஞ்சை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் பட்டனை அமுக்கினார். டாக்டர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார். "மனுஷன்யா நீர்," என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தன் குடும்பத்து ஐந்து பேருக்கும் முழு எக்ஸ்ட்ராவோடு டிக்கெட் எடுத்தார். கம்பவுண்டருக்கு எடுக்கவில்லை.

செய்தி தெருவெல்லாம் போனது. சொன்னதைச் செய்கிற கடை என்று பேர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பதினாறு டிக்கெட். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் ஜெராக்ஸ் கடையிலிருந்து மூன்று இரவல் வாங்கினார். டிக்கெட்காரருக்கு வாயெல்லாம் பல். இதோடு நிற்காமல், அந்த ஆறு பேரும் இறங்குகிற நாளில் விமான நிலையத்துக்கே போய் வரவேற்று ஒரு போட்டோ எடுத்துக் கடையில் பெரிசாக மாட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டாள் சம்சாரம்.

"தாராளமா வா. குடும்பத்தோட வந்து வரவேற்றாங்கன்னு இருக்கட்டும்."

அன்று அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டாள். கடைமேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று அவர் மனம் குளிர்ந்தது. வேனில் ஏறும்போது, "எதுக்கு இவ்வளவு பெரிய வேன்?" என்று மட்டும் கேட்டார்.

"வர்றவங்களுக்கு எடம் வேண்டாமா?" என்றாள். வாடிக்கையாளரை வீடுவரை கொண்டுபோய் விடுவதும் நல்ல விளம்பரம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பயணிகள் வெளியே வருகிற கதவுக்கு எதிரே டிக்கெட்காரர் கடை போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெராக்ஸ்காரர் போனைக் கையில் தயாராக வைத்திருந்தார். கதவு திறந்தது. முதலில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் மாமியார். பின்னால் தள்ளுவண்டியோடு மச்சான், அவர் சம்சாரம், கொழுந்தியா, இரண்டு பெண்கள்.

டிக்கெட்காரர் போர்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். ஐயோ, இந்த நேரத்திலா என்றுதான் நினைத்தார். அப்போதுகூட அவருக்குப் புரியவில்லை. சக்கர நாற்காலி நேராக வந்து போர்டுக்கு முன்னால் நின்றது.

"அத்தை, நீங்க எங்க இங்க?"

"நல்லா இருக்கே கேள்வி. டிக்கெட் போட்டது நீங்க," என்றார் மாமியார்.

"நான் போட்டது வேற யாருக்கோ. ஒரு குடும்பம். ஆறு பேர்." அவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். முதல் பெயரை வாசித்தார்.

மாமியார் கையைத் தூக்கினார்.

இரண்டாவது பெயரை வாசித்தார். மச்சான், "நான்தான்," என்றார். மூன்றாவதுக்கு மச்சான் சம்சாரம் தலையாட்டினாள். நான்காவதுக்குக் குட்டி கையைத் தூக்கினாள். ஐந்தும் ஆறும் பள்ளிக்கூடத்தில் சொல்வது போல ஒன்றன்பின் ஒன்றாக, "உள்ளேன் மாமா," என்றன.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபத்திரண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என் பேர ஒங்க வாயால கேக்கறேன் மாப்பிள்ள. எக்ஸ்ட்ராவுக்குப் பயந்து மூணு வருஷம் பொண்ணப் பாக்காம இருந்தேன். அத்தனையையும் நானே கட்டறேன்னு நின்னீங்களாமே. சக்கர நாற்காலி வேற. பெத்த புள்ளகூட இப்படிச் செய்ய மாட்டான்."

பெத்த புள்ளையான மச்சான் அதைக் கேட்டும் கேட்காதவர் போல வெயிலைப் பார்த்தார்.

டிக்கெட்காரர் சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். கோபப்படத்தான் நினைத்தார். அவளோ அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுவதும் சிரிப்பதுமாக நின்றாள். சரி, போகட்டும், நம்மவள்தானே என்று ஒரு கணம் மனசு இளகியதும் உண்மை. யோசித்துப் பார்த்தால் அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வேண்டியவர்கள் என்றாள். எங்க ஊர் என்றாள். எல்லாம் சத்தியம்.

"டிக்கெட்காரரே, இது ஒங்க மாமியார் வீடா?" என்று கேட்டார் ஜெராக்ஸ்காரர். "தெருவுல தெரிஞ்சா சொந்தக்காரங்களுக்கே குடுத்துக்கிட்டார்னு சொல்வாங்களே."

"தெரியக் கூடாது. மூச்சு விடாதீரு. மொதல்ல போட்டோவ எடும்."

"அப்ப நீங்க சிரிங்க," என்றாள் சம்சாரம். "வாடிக்கையாளரைப் பாத்து இப்படியா முழிப்பாங்க?"

சிரித்தார். மாமியார் வீட்டார் ஆறு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். போட்டோ நன்றாகவே வந்தது. சிரித்த வாயை மூடாமல், உதடு அசையாமல் சம்சாரத்தின் காதில் கேட்டார், "எத்தனை நாள் இருப்பாங்க?"

"ஒரு வாரத்துக்குத்தான் கெளம்பினாங்க," என்றாள் அவள், தள்ளுவண்டியில் அடுக்கியிருந்த பன்னிரண்டு பெட்டிகளைக் காட்டி. "நீங்க ஆளுக்கு முப்பது கிலோ குடுத்ததும் அம்மா எல்லாருக்கும் ஸ்வெட்டரும் எடுத்து வெச்சுட்டாங்க."